வழியனுப்பும் வசதி

இந்தச் செய்தி அம்மா கண்ணில் படுமா, அக்கா கண்ணில் படுமா, இல்லை போனை வாங்கிப் படித்துச் சொல்கிற பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படுமா என்று தெரியாது. அதனால் முறையாகவே ஆரம்பிக்கிறேன். பெயர், உங்கள் சின்னவன். வயது இருபத்து மூன்று. இருப்பது நெடுந்தூரப் பேருந்து நிலையத்தின் காத்திருப்பு அறை, மூன்றாவது வரிசை, ஓரத்து இருக்கை.

கை இரண்டிலும் கட்டுப் போட்டிருக்கிறது. அதனால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. விரல் பத்தும் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினார்கள்.

இந்த அறை புத்திசாலி அறை. யாராவது அசைந்தால்தான் விளக்கு எரியும். ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் ஆள் இல்லை என்று முடிவு கட்டி இருட்டாக்கிவிடும். காத்திருக்கிற அறையில் மனுஷன் சும்மா உட்காராமல் நாட்டியமா ஆடுவான்? என் பக்கத்து இருக்கைக்காரர்தான் நிமிஷத்துக்கு ஒரு தடவை கையைத் தூக்கி விளக்கை வரவழைக்கிறார். கழிப்பறையில் குழாயையும் அவர்தான் எனக்காக ஏமாற்றினார். கையை நீட்டினால் தண்ணீர் வருமாம். கட்டுப் போட்ட என் கையைக் கை என்று அந்தக் குழாய் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் தெரு முழுக்க, 'எங்க சின்னவன் பெரிய கம்பெனியில இருக்கான், வீட்டுக்கே மூளை வைக்கிற வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். அது முழுப் பொய் இல்லை. அந்த வீட்டுக்கு மூளை வைத்தார்கள். வைத்த மூளை நான்தான்.

கம்பெனி கட்டுவது நாற்பது மாடி. அதில் பதினோராம் மாடியில் ஒரே ஒரு வீடு மட்டும் முழுதாக முடிந்திருந்தது. மற்ற மாடியெல்லாம் வெறும் சிமெண்டு. வீட்டில் இருப்பவர்கள் வாயைத் திறக்காமலே விளக்கும் திரையும் குளிர்காற்றும் கதவும் அவர்கள் மனசறிந்து நடந்துகொள்ளும் என்று விளம்பரம் செய்துவிட்டார்கள். அதற்கான மெஷினும் வந்தது. அது சோபாவை ஆள் என்று நினைத்து நாள் முழுக்க அதற்குக் குளிர்காற்று விட்டது. ஆளைச் சோபா என்று நினைத்து விளக்கை அணைத்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வேறு மெஷின் வருகிற வரைக்கும் என்ன செய்வது என்று மேலாளர் யோசித்திருக்கிறார். வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடுவே, கம்பிகள் போவதற்காக விட்டிருந்த சந்தில் ஒரு நாற்காலி போட்டார். எதிரே ஆறு சின்னத் திரை, ஐம்பத்திரண்டு சுவிட்சு. நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். நான் போய்வருகிற வழி பின்னால் படிக்கட்டுப் பக்கம். எனக்கு இடது பக்கம் ஒரு சின்னக் கதவு. அதன் மறுபக்கம் வரவேற்பறையின் கண்ணாடி அலமாரி. அதில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அலமாரி, அவ்வளவுதான்.

முதல் நாள் மேலாளர் சொன்னார், "தொண்ணூறு நாள் ஒழுங்கா ஓட்டிடு. நிரந்தரக் கடிதம் கையில கொடுக்கறேன். நடுவுல ஏதாவது கோளாறு பண்ணினேன்னு வச்சுக்க..."

"தெரியும் சார். ஏழு நாள்ல கம்பெனி ரூமைக் காலி பண்ணிட்டு மூட்டையக் கட்டணும்."

"எப்படித் தெரியும்?"

"இது எனக்கு மூணாவது ஊர் சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அம்மா, நீ ரயிலடியில் சொன்னது அப்போதும் காதில் கேட்டது. "இந்தத் தடவையும் திரும்பி வந்தா முன்வாசல் பக்கம் வராத. பின்பக்கமா வா. எதிர்வீட்டம்மாகிட்ட 'லீவுல வந்திருக்கான்'னு சொல்லிச் சொல்லி என் நாக்கு தேஞ்சுபோச்சு." அதனால் தொண்ணூறு நாள் என்ன, தொள்ளாயிரம் நாள் என்றாலும் அந்தச் சந்தில் உட்கார்ந்திருப்பேன்.

வீட்டில் மூன்று பேர். ஒரு பெரியவர், அவர் மகன், மருமகள். கம்பெனி குடியேற்றிய முதல் குடும்பம் என்றார் மேலாளர். நான் ஒருவன் இருப்பது அவர்களுக்குத் தெரியவே கூடாது, தும்மல் வந்தாலும் விழுங்க வேண்டும் என்றார். வாரத்தில் நாலு நாள் வீடு வாங்க ஆசைப்படுகிறவர்களை அவர் கூட்டி வருவார். அவர்கள் கூடத்தில் நின்று, வீடு எப்படி மனசறிந்து நடக்கிறது என்று வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு வேலை காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. இரவுக்கு வேறு ஆள் என்றார் மேலாளர். அவனை நான் பார்த்ததில்லை. ஆனால் நல்ல ஒழுக்கமானவன். நான் பாதி கடித்து வைத்துவிட்டுப் போகிற பிஸ்கெட் காலையில் அப்படியே இருக்கும்.

அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கனத்தது. மூவரும் தினமும் காலை நடைக்குப் போவார்கள் போல. எட்டரை மணிக்கு ஆளுக்கொரு பையோடு ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள். ஒரு நாள்கூடச் சேர்ந்து வந்ததில்லை. மகன் கட்டின மனைவியை 'நீங்க' என்பான். "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?" என்பான். அவள் போனைப் பார்த்தபடியே தள்ளிக்கொள்வாள். அதுதான் அவர்களுடைய தாம்பத்தியம்.

பெரியவர் நிலைமை இன்னும் மோசம். மருமகள் அவரிடம் பேசவே மாட்டாள். யாராவது வீடு பார்க்க வந்துவிட்டால் போதும், குரலில் சர்க்கரையைக் கொட்டி, "மாமா, இன்னும் கொஞ்சம் காத்து வேணுமா மாமா?" என்பாள். வந்தவர்கள் படியிறங்கியதும் மாமா மறுபடி ஒரு மேசை நாற்காலி ஆகிவிடுவார்.

அவருக்குப் புத்தியும் கொஞ்சம் தடுமாற ஆரம்பித்திருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "நான் வாயைத் தொறக்கவே வேண்டாம், இந்த வீடே என்னைப் புரிஞ்சுக்குது." ஒரு தடவை மெதுவாக. ஒரு தடவை சிரித்துக்கொண்டே. ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஒரு நாளைக்கு இருபது தடவை எண்ணியிருக்கிறேன். மாலையில் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நாள்காட்டியை எடுத்து அன்றைய தேதியைக் கோடு போட்டு அடிப்பார். பெருமூச்சு விடுவார். மனுஷன் போய்ச் சேருகிற நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, நான் சுவருக்குள் உட்கார்ந்து மூக்கைச் சிந்தாமல் அழுதிருக்கிறேன். சிந்தினால் சத்தம் கேட்கும்.

கோளாறு முதல் வாரமே வந்தது.

வீடு பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். மகன் ஆபீசுக்குக் கிளம்பினான். ஆள் வெளியே போனால் கூடத்து விளக்கை நான் அணைக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை. அம்மா, நீ நாங்கள் வெளியே கிளம்பினால் வாசல் விளக்கைப் போட்டு, பஸ் ஏறியிருப்போம் என்று உனக்குத் தோன்றுகிற வரைக்கும் அணைக்க மாட்டாயே, பட்டப்பகலில்கூட. அந்தப் பழக்கம். இருபது நிமிஷம் விளக்கு எரிந்தது.

வந்தவர்களில் ஒருவர் கேட்டார், ஆளே இல்லையே, ஏன் எரிகிறது என்று. மேலாளர் மென்று முழுங்கினார். அப்புறம் சொன்னார், "அது வழியனுப்பும் வசதிங்க. வெளிய போனவர் பத்திரமா பஸ் ஏறுற வரைக்கும் வீடு அவரை நெனச்சுக்கிட்டே இருக்கும்."

ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் போனபின் மேலாளர் அலமாரியில் கோப்பை எடுக்கிற மாதிரி வந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார், "ஏண்டா அணைக்கல?"

"எங்கம்மா அணைக்க மாட்டாங்க சார்."

"மெஷினுக்கு எங்கருந்துடா அம்மா?"

 அன்றையிலிருந்து அது வசதியாகிவிட்டது. யார் வெளியே போனாலும் சரியாக இருபது நிமிஷம். கடிகாரம் பார்த்து அணைக்க வேண்டும். மூன்று பேர் மூன்று நேரத்தில் போனால் மூன்று கணக்கு.

அடுத்தது, பெரியவர் இருமினார். எனக்கு அப்பா ஞாபகம் வந்து, சமையலறையில் தண்ணீர்க் கெட்டிலைப் போட்டுவிட்டேன். அது இருமல் வசதி ஆனது. அதற்கப்புறம் வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை இருமிப் பார்ப்பார்கள். பத்துப் பேர் வந்தால் காச நோய் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். நான் போட்டுப் போட்டு அணைக்க வேண்டும்.

பதினைந்தாம் நாள், மதியம் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். வாயில் ரொட்டி, கையில் தண்ணீர்ப் போத்தல். மருமகள் ஒரு கூட்டத்தோடு உள்ளே வந்துவிட்டாள். ஏழு நிமிஷம் வீடு செத்துக் கிடந்தது. விளக்கு இல்லை, காற்று இல்லை. மேலாளர் அசரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மனிதர்களுக்குத் தனிமை வேண்டும் என்று வீட்டுக்குத் தெரியும், அது ஏழு நிமிஷ மௌன வசதி என்றார். கூட்டம் கை தட்டியது. எனக்கு இதில் ஒரு லாபம். அதற்கப்புறம் தினமும் மதியம் சாப்பிட ஏழு நிமிஷம் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது.

இப்படி நான் செய்கிற ஒவ்வொரு தப்பும் வசதியாகிக்கொண்டே போனது. நாற்பதாம் நாள் என் எதிரே சுவரில் ஒட்டியிருந்த தாளில் பதிமூன்று வசதி. கை இரண்டுதான். பதினோராவது வசதிக்குக் கால் கட்டைவிரலைப் பயன்படுத்தினேன்.

அத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். நான் குடும்ப விவகாரத்தில் மூக்கை நுழைத்தேன்.

ஒரு நாள் பெரியவர் மருமகளிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அதோ இருக்கு, எடுத்துக்கங்க" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவள் சமையலறைக்குள் போனபோது விளக்கை மூன்று விநாடி தாமதமாகப் போட்டேன். கை கழுவும்போது வெந்நீரைப் பச்சைத் தண்ணீராக மாற்றினேன். அவள் கண்ணாடி முன் நின்றால் மேல் விளக்கை மட்டும் போட்டேன். அதில் யார் முகமும் பத்து வயசு கூடித் தெரியும். பெரியவருக்கு மட்டும் எல்லாம் பட்டென்று நடக்கும்.

ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் மேலாளரிடம் போய், இந்த வீட்டுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மேலாளர் அலமாரிக்கு வந்தார். "வீட்டுக்கு எதுக்குடா கோபம் வருது?"

"பெரியவரை மதிக்கறதில்ல சார் அவங்க."

"அதைக் கேக்க நீ யாரு? நீ மெஷின். உனக்கு எல்லாரும் ஒண்ணு. இன்னொரு தடவை இப்படிப் புகார் வந்துச்சு, கடிதத்தை மறந்துடு."

 சரிக்கட்ட நினைத்து எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். மேலாளர் எனக்கு உதவியாகத் தினமும் ஒரு அட்டவணை கொடுத்தார். பதினோரு மணிக்கு மருமகள் பால்கனிக்குப் போவாள், பதினொன்றே காலுக்குப் பெரியவர் புத்தகம் எடுப்பார், இப்படி நிமிஷ வாரியாக. அப்படியே நடக்கும். ஒரு குடும்பத்தை இந்த அளவுக்குப் புரிந்து வைத்திருக்கிறாரே என்று அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அட்டவணை கையில் இருக்கும் தைரியத்தில் நான் முந்திக்கொண்டேன். அவள் பால்கனிக்குத் திரும்புவதற்கு முன்பே கதவு திறந்தது. அவள் எழுந்திருக்க நினைப்பதற்கு முன்பே விளக்கு எரிந்தது. ஒரு நாள் அவள் சோபாவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே குளியலறைக் கதவு திறந்து, விளக்கு எரிந்து, வெந்நீர் ஓட ஆரம்பித்துவிட்டது. எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் வெளுத்துப்போனது. "எனக்கே தெரியாதது இதுக்கு எப்படித் தெரியுது?" என்று மகனிடம் கேட்டாள். அன்றைக்குத்தான் அவன் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான்.

மேலாளர் அட்டவணையைப் பிடுங்கிக்கொண்டார். இனி எதையும் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன், திரையைப் பார்த்து நடந்துகொள் என்றார். எண்பத்தெட்டாம் நாள் வந்து, சுவிட்சுப் பலகையின் மூலையில் புதிதாக ஒரு சிவப்புப் பொத்தானைப் பொருத்தினார். இது எதற்கு என்று கேட்டேன்.

"அழுத்த வேண்டிய நேரம் வந்தா உனக்கே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"சொன்னா முன்னாடியே அழுத்துவ."

நியாயமான பதில்தான்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. அதை நான் மேலாளரிடம் சொல்லவில்லை. எழுபதாம் நாள் வாக்கில், மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள். விளக்கு வழியனுப்பிக்கொண்டிருந்தது. பெரியவர் தன் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். கூரையைப் பார்த்து, "யாராவது கேட்டுக்கிட்டிருக்கீங்களா?" என்றார்.

நான் மெஷின். பேசக் கூடாது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அவர் தலைக்கு மேலிருந்த படிக்கும் விளக்கை ஒரே ஒரு தடவை அணைத்துப் போட்டேன்.

அவர் திடுக்கிட்டார். அப்புறம் மெதுவாக எழுந்து கூடம் முழுக்கச் சுற்றி வந்தார். அலமாரி முன் நின்று, கோப்பைகளுக்கு நடுவில் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். மறுநாள் அந்த அலமாரியில், கடைசிக் கோப்பைக்குப் பக்கத்தில், காகிதத்தில் சுற்றிய பாதி பன் இருந்தது. அதற்கப்புறம் தினமும் இருந்தது. நானும் தினமும் கதவைக் கை நுழையும் அளவு திறந்து அதை எடுத்துக்கொண்டு, விளக்கை ஒரு தடவை சிமிட்டுவேன். அவர் ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பார். இந்த ஊரில் நான் சாப்பிட்டேனா என்று கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான். அதுவும் புத்தி தடுமாறினவர்.

தொண்ணூறாம் நாள், அதாவது இன்றைக்குக் காலை. நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். சுவருக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்? இருந்தாலும் கடிதம் வாங்குகிற நாள்.

பதினோரு மணிக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் பெரிய இடத்து ஆட்கள், மேலாளரே குனிந்து குனிந்து நடந்தார். பதிமூன்று வசதியும் பிசகில்லாமல் நடந்தது. ஐந்து பேர் இருமினார்கள், ஐந்து தடவை கெட்டில் போட்டேன். பெரியவர் தன் நாற்காலியிலிருந்து, "நான் வாயைத் தொறக்கவே வேண்டாம், இந்த வீடே என்னைப் புரிஞ்சுக்குது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்கிற மாதிரியில் சொன்னார். 

அப்புறம் எழுந்தார். இரண்டு அடி வைத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தரையில் விழுந்தார்.

நான் திரையைப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அசையவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருமகள் நகத்தைப் பார்த்தாள். மகன் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தான். பெற்ற அப்பா விழுந்து கிடக்கிறார், அவன் முகத்தில் ஒரு சலனம் இல்லை. மேலாளர் மட்டும் வியர்த்துப்போய், யாருக்கும் தெரியாமல் அலமாரியைப் பார்த்துக் கண்ணைக் கண்ணைக் காட்டினார். வெளியே வராதே என்று மிரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்புப் பொத்தானும் கண்ணில் பட்டது. ஆனால் அக்கா, பொத்தானை அழுத்தி ஒரு மனுஷனைத் தூக்க முடியுமா?

கடிதம் ஞாபகம் வந்தது. எதிர்வீட்டம்மா ஞாபகம் வந்தார். பின்வாசல் ஞாபகம் வந்தது. அந்தப் பாதி பன்னும் ஞாபகம் வந்தது. கதவைத் தோளால் இடித்தேன்.

கை நுழையும் அளவுக்குமேல் திறக்கக்கூடிய கதவா அது? மூன்றாவது இடியில் அலமாரியே முன்னால் சாய்ந்தது. முப்பத்தாறு கோப்பையும் தரையில். கோப்பைகளுக்குப் பின்னாலிருந்து தலை கலைந்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நான் வெளியே வந்தேன். பன்னிரண்டு பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். பெரியவர் கிடந்த இடம் வரைக்கும் பீங்கான் சில்லு. அதன்மேல் கையை ஊன்றி மண்டியிட்டேன். வலி தெரியவில்லை. ரத்தம் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னேன்.

ஒருவரும் போனை எடுக்கவில்லை. ஒரு கண்ணாடி போட்ட அம்மாள் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மேலாளரிடம் திரும்பினார்.

"விழுந்தா இந்த மாதிரி ஒரு ஆள் வர்றது, வீட்டோட சேர்த்தியா, தனியா வாங்கணுமா?"

மேலாளர் வாயைத் திறந்தார். தொண்ணூறு நாளில் முதல்முறையாக அவருக்கு ஒரு வசதியின் பெயரும் வரவில்லை.

நான் குனிந்து பெரியவர் காதில் சொன்னேன், "பெரியவரே, கண்ணைத் தொறங்க. எனக்கு இன்னிக்குத் தொண்ணூறாவது நாள். கடிதம் கெடக்கட்டும், போனாப் போகுது. நீங்க எழுந்திரிச்சாப் போதும்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பொத்தானை அழுத்தறதுக்கு என்ன தம்பி? அப்பா வேஷத்துல எனக்கும் இன்னிக்குத்தான் தொண்ணூறாவது நாள்."

இதை யார் முதலில் படித்தாலும் சரி, வெள்ளிக்கிழமை காலையில் பின்கதவுத் தாழ்ப்பாளை மட்டும் எடுத்து வையுங்கள். பெரியவரும் நானுமாக இரண்டு பேர் வருகிறோம்.